புதுப்பிப்பு: ஹஷிமோட்டோவும் ஏறியிருந்த புரோலாக்டினும்

முன்பு எழுதியதன் சுருக்கம்: குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 9.8 என்று ஏறியிருந்தது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் அதிகம். தைராய்டுக்கு எதிரான ஆன்டி-டிபிஓ எதிர்ப்பொருளும் இருந்ததால் ஹஷிமோட்டோ என்றார்கள். நோயெதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய் அது. புரோலாக்டினைப் பார்த்து மூளையில் கட்டியோ என்று நடுங்கிப்போயிருந்தேன்.

கட்டி இல்லை! தைராய்டு சோர்ந்தால் அதை எழுப்ப மூளை டிஆர்எச் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது புரோலாக்டினையும் சேர்த்தே உயர்த்திவிடும். புரோலாக்டின் ஏறினால் சினைமுட்டை வெளிவருவது தடைபடும். அதனால் மருத்துவர் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் மட்டும் கொடுத்தார். இப்போது டிஎஸ்எச் 2.1. புரோலாக்டின் தனி மருந்தின்றியே இறங்கிவிட்டது, மாதவிடாயும் சீராகியிருக்கிறது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு ஒரு மணி நேரமாவது காத்திருக்கிறேன். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. இதை யாரும் அலட்சியப்படுத்தாதீர்கள். கரு உறுதியானால் தைராக்சின் தேவை கூடுமாம். உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

எதிர்ப்பொருள் மட்டும் இருந்து டிஎஸ்எச் சரியாக இருக்கும் தோழி ஒருவர், தானும் தைராக்சின் தொடங்கலாமா என்று கேட்டிருந்தார். 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அத்தகைய பெண்களுக்கு அதனால் குழந்தைப்பேறு கூடவில்லை. மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம், அக்கா.

"விசேஷம் உண்டா?" என்ற உறவினர் கேள்வி இன்னும் வலிக்கிறது. கணவரின் பரிசோதனை முடிவுகள் இயல்பாகவே உள்ளன. அடுத்த சுழற்சியில் சினைமுட்டை வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கப்போகிறார்கள்.