கடல் முயலைத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

பாறைக்குட்டை (டர்பன்):

போன மாதம் கடல் நன்றாக வற்றியிருந்த ஒரு காலையில் உம்லாங்கா பாறைகளுக்குப் போயிருந்தோம். மகனுக்கு நண்டு காட்டுவதுதான் திட்டம். ஒரு குட்டையில், பாசிக்கு நடுவே, உள்ளங்கை அளவில் பழுப்பாக ஏதோ கிடந்தது. பிய்ந்து ஒதுங்கிய பாசிக்கொத்து என்று தாண்டிப் போயிருப்பேன். அதற்குள் முயல் காது மாதிரி இரண்டு கொம்பு நிமிர்ந்தது. கடல் முயல்! பேர்தான் முயல், ஆள் நத்தைக்குப் பங்காளி. ஓட்டை முதுகுச் சதைக்குள் ஒளித்து வைத்திருக்கும்.

முதுகின் இரு பக்கமும் மடல் மாதிரி சதை. பின்பக்கம் இரண்டும் சேரும் இடத்தில் சின்னப் புனல் போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. செவுளைத் தொட்டுப் போன தண்ணீர் இதன் வழியாகத்தான் வெளியேறும். விரலை நனைத்துக்கொண்டு குழலின் விளிம்பை லேசாகத் தொட்டேன். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது, மடல்களும் மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தது. மறுபடி தொட்டேன். ஐந்தாவது முறை பாதிதான் இழுத்தது. பத்தாவது தடவை விளிம்பு மட்டும் சற்றே குவிந்தது, அவ்வளவுதான். "அதுக்கு போரடிச்சிடுச்சுப்பா" என்றான் மகன்.

சொல்லி வாய் மூடவில்லை, அவன் கையிலிருந்த வலையின் கம்பி அதன் வால்பக்கம் இடித்துவிட்டது. குட்டை முழுக்க ஊதா மை, நாவல்பழச் சாற்றைக் கொட்டினது போல. அலை ஒன்று ஏறி மையைக் கழுவிக்கொண்டு போன பிறகு, முன்பு தொட்ட அதே இடத்தை அதே மாதிரி லேசாகத் தொட்டேன். முதல் தடவையைவிட வேகமாகச் சுருண்டது. இடிபட்டது வால், பயந்துகொண்டது குழல்!

அப்புறம் அதைத் தொந்தரவு செய்யவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், எரிக் கேண்டல் என்பவர் 2000-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றதே இந்தச் சுருங்கலை ஆராய்ந்ததற்காகத்தானாம். பூனை மூளையில் வேலை செய்துகொண்டிருந்தவர் கடல் முயலுக்கு மாறியிருக்கிறார். காரணம் எளிது. நமக்குச் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். இதற்கு 20,000 சொச்சம். அதிலும் சில ஒரு மில்லிமீட்டர் வரை பெருத்தவை, வெறும் கண்ணுக்கே தெரியும். ஆர்2, எல்7 என்று பேர் வைத்து, எந்தக் கடல் முயலை எடுத்தாலும் அதே இடத்தில் அதே அணுவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வேறு யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கறிவேப்பிலைக்காரி (ஃபீனிக்ஸ்):

தம்பி, எனக்குக் கடல் வரை போக வேண்டியதில்லை. மழை விட்டால் கொல்லையில் கொத்தமல்லிப் பாத்தி முழுக்க நத்தைதான். பேத்தியும் நானும் ஒன்றைப் பலகையில் விட்டுப் பக்கத்தில் கரண்டியால் தட்டுவோம். முதல் தட்டுக்குக் கண் கொம்பு இரண்டும், கையுறை விரலை உள்பக்கமாகப் புரட்டினது போல மறையும். தட்டிக்கொண்டே இருந்தால் கொம்பை நீட்டியபடியே ஊர்ந்து போகும், நம்மைச் சட்டை செய்யாது. களைத்துப் போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, அதுவா இது?

உயிரியல் வாத்தியார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

அதுதான் அக்கா. களைப்பு இல்லை. களைப்பாக இருந்தால், வாலில் இடி வாங்கின கடல் முயல் அத்தனை வேகமாகச் சுருண்டிருக்காது. தசையில் தெம்பு அப்படியே இருக்கிறது. தொடுதலை உணரும் அணுவும் தசையை இயக்கும் அணுவும் சந்திக்கும் இடுக்கில்தான் விஷயம். ஒவ்வொரு தொடலுக்கும் உணர்வணு அங்கே கொட்டும் குளூட்டமேட் என்ற சேதி சொல்லும் ரசாயனம் குறைந்துகொண்டே வரும். வாலில் அடிபட்டால் வேறு சில அணுக்கள் செரடோனின் என்ற இன்னொரு ரசாயனத்தைச் சுரக்கும். அது பட்டதும் உணர்வணு முன்னைவிடத் தாராளமாகக் கொட்ட ஆரம்பிக்கும்.

மேட்ரிக் பிள்ளைகளுக்கு அனிச்சைச் செயல் நடத்தும்போது, சூடான பாத்திரத்தில் கை பட்டால் இழுத்துக்கொள்கிறோம் என்றே வருஷா வருஷம் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இப்போது கடல் முயலைத்தான் சொல்கிறேன். அவர்களுக்குப் பிடித்தது 1972-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரே மூச்சில் நாற்பது முறை தொட்டவற்றுக்கு அந்தப் பழக்கம் அவ்வளவாக நிலைக்கவில்லை. நாளைக்குப் பத்து என்று நான்கு நாள் தொட்டவையோ மூன்று வாரம் கழித்தும் நினைவில் வைத்திருந்தன. இதைச் சொல்லிவிட்டு நான் சும்மாதான் நின்றேன். பின்பெஞ்சில் ஒருத்தி, "சார், பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற எங்களைத்தானே சொல்றீங்க?" என்றாள்.

இன்னொன்று. நாள்கணக்கில் வாலில் அதிர்ச்சி வாங்கிய கடல் முயல்களில், ஓர் உணர்வணுவின் இணைப்பு முனைகள் சுமார் 1,300-இலிருந்து 2,700 வரை பெருகியிருந்தன. நினைவு நிஜமாகவே கிளை விட்டிருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு தடவை கக்கிய மையை மறுபடி சேர்க்க அது சிவப்புப் பாசி தின்றாக வேண்டும். சும்மா கக்க வைக்காதீர்கள்.

பாறைக்குட்டை (டர்பன்):

சரி வாத்தியாரே. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் வற்றும்போது போகிறோம், வலை வீட்டிலேயே இருக்கும். "அது நம்மள மறந்திருக்குமாப்பா?" என்று மகன் இப்போதே கேட்கிறான். பத்தே தடவைதானே தொட்டோம், மறந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். வாலில் பட்ட இடியைப் பற்றி அவன் கேட்கவில்லை.