தமிழ் அடிக்க உங்கள் விரல் பழகியது எதில்?

திருச்சியிலிருந்து

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பேர் மூன்று விதமாகத் தமிழ் அடிக்கிறோம். அப்பா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்குப் பழைய டைப்ரைட்டர் முறைதான் வரும். எனக்குத் தமிழ்99 விசைப்பலகை. அக்கா மகள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்பிவிடுகிறாள். ஒருவர் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து அவசரமாக அடித்தால் முதல் வரி குப்பைதான்.

இங்கே இருப்பவர்கள் அவரவர் பட்டதைச் சொன்னால் படிக்க ஆசை. எது உசத்தி என்ற சண்டை மட்டும் வேண்டாம், அது தீராது.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த முறை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழி என்பதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. புள்ளியும் பல இடங்களில் தானே விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. 'பந்து'க்கு ப, ந, த, உ. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முன்னது புள்ளி வைத்ததாகத்தான் இருக்கும் என்று அதுவே ஊகித்துக்கொள்கிறது. 'மமதை' மாதிரி ஒன்று வந்தால்தான் சிக்கல், நடுவில் ஒரு அ தட்டிப் பிரித்துவிட வேண்டும். அப்படிப்பட்ட சொற்கள் எத்தனை இருக்கின்றன சொல்லுங்கள்? தமிழைக் கவனித்துப் பார்த்தவர்கள் செய்த வேலை இது. எனக்கு இதில் இருக்கும் வருத்தமெல்லாம், பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்பதுதான்.

கும்பகோணத்திலிருந்து

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவன் என்ற முறையில் நான் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது. திருச்சி நண்பரின் அப்பாவுக்கு முதலில் ஒரு வணக்கம்.

என்னிடம் சேரும் பிள்ளை முதல் வாரம் முழுக்க அடிப்பது 'யளனகப'தான். பக்கம் பக்கமாக அதே. சலித்துப்போய் விசையைக் குனிந்து பார்த்தால் ஒரு அட்டையை வைத்துக் கையை மறைத்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையிடம் "ழ எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது, விரலை காற்றில் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும்.

தமிழ் மெஷினின் அழகு நகரா விசையில் இருக்கிறது. மற்ற எழுத்தை அடித்தால் தாளைத் தாங்கும் கேரேஜ் ஒரு இடம் நகரும். புள்ளியை அடித்தால் நகராது. அதனால் 'க்' வேண்டுமானால் முதலில் புள்ளி, பிறகு க. புள்ளி விழுந்த அதே இடத்தில், அதன் கீழே க வந்து உட்காரும். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும் என்றால் இப்படி ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று சும்மாவா சொல்கிறார்கள்!

மெஷினில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். தாளில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதே வரிசை. இப்போது கம்ப்யூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால். அது வாய் சொல்லும் வரிசை. மெஷினில் பழகியவர்கள் கம்ப்யூட்டருக்குப் போனதும் தடுமாறுவது இங்கேதான். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை முடித்து நல்ல வேகம் உள்ள பெண்கூட ஆபீஸில் போய் உட்கார்ந்து முதல் மாதம் அழுதிருக்கிறாள். பழைய டைப்ரைட்டர் வரிசையையே கம்ப்யூட்டரில் கொண்டுவரும் மென்பொருள் போட்டுக் கொடுத்த பிறகுதான் கை திரும்ப வந்தது. கம்ப்யூட்டருக்குள் என்ன வரிசையில் வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளட்டும், அது அதன் பாடு.

ரெமிங்டன், ஃபேசிட் எல்லாம் இப்போது புதிதாக வருவதில்லை. இரண்டு மெஷினைப் பிரித்து ஒன்றாக்குகிறோம். பிப்ரவரி, ஆகஸ்ட் பரீட்சை நெருங்கும்போது மெக்கானிக்கைப் பிடிப்பது கோயில் திருவிழாவில் தவில்காரரைப் பிடிப்பது போலத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

முத்தையாவின் பெயரைச் சொன்னதற்கு நன்றி ஐயா. எங்கள் பக்கத்துக் கதை பாமினி.

இங்கே அச்சகம், பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில்தான் நடந்தது. அது உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட ஏற்பாடு. கணினி உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. அந்த ஐந்தையும் பார்த்ததும் மனதுக்குள் 'தமிழ்' என்று வாசிக்கிற ஆட்கள் இன்னமும் எங்களிடம் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி.

எங்கள் ஊரில் அந்தியேட்டி என்ற ஈமச் சடங்கு நாளில் நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவழி எல்லாம் அதில் இருக்கும். அம்மம்மாவின் மலரை மாமா பாமினியில் அடித்திருந்தார். இப்போது வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று பழைய இறுவட்டில் (சிடி) இருந்து கோப்பை எடுத்தேன். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் கூட்டம். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டதும் பெரும்பகுதி ஒரு நொடியில் தமிழாகிவிட்டது. ஆனால் மாமா இடையிடையே உண்மையான ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர்களும் பட்டங்களும் எழுதியிருந்தார். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது ஆங்கில வேடத்தில் இருக்கும் தமிழ் என்று தெரியாதே. பெரியப்பாவின் பட்டத்தையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது. வாசித்தால் வாய்க்குள் நுழையாத ஏதோ ஒன்று. அச்சடித்த பிரதி ஒன்று சித்தியின் பெட்டியில் இருந்ததால் தப்பினோம். கோப்பை மட்டும் நம்பியிருந்தால் வம்சாவழியில் பாதிப் பேர் ஆளே மாறியிருப்பார்கள்.

பெங்களூரிலிருந்து

சின்ன நினைவு ஒன்று. பட்டன் போன் காலத்தில் தமிழ்த் தளங்களைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியில் முகவரிப் பட்டையில் ஒரு ரகசியப் பக்கத்தின் பெயரை அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை 'ஆம்' ஆக்க வேண்டும். உடனே எழுத்தை அவர்கள் சர்வரிலேயே வரைந்து அனுப்புவார்கள், போன் தமிழ் தெரியாமலே தமிழ் காட்டும். ஹாஸ்டலில் இந்த வித்தை தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. பிறகு வந்த ஆரம்பகால ஆண்ட்ராய்டுகளில் தமிழ் வந்தது, ஆனால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. அதையும் பழகிப் படித்தோம்.

சென்னையிலிருந்து

பிழை திருத்துவது என் தொழில். அச்சிலும் திரையிலும் ஒன்றாகத் தெரிந்து, உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகளோடுதான் என் பகல் கழிகிறது.

'அவர்கள்' என்று இருக்கும், தேடினால் கிடைக்காது. பெரிதாக்கிப் பார்த்தால் அது ர் இல்லை, கால் போட்டு அதன் தலையில் புள்ளி. பழைய அச்சில் ர் அப்படித்தான் காலின்மேல் புள்ளியாக இருந்தது, அந்தப் பழக்கம் அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. 'ஔவையார்' இன்னொரு தலைவலி. பலர் ஒ அடித்து ள அடித்துவிடுவார்கள். கண்ணுக்குப் பழுதில்லை, அகரவரிசைப்படுத்தினால் பாட்டி வேறு இடத்தில் போய் நிற்பாள். எ என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைப் போட்டிருப்பதும் உண்டு. இரண்டுக்கும் வடிவம் ஒன்று, கணினிக்கு ஒன்று எழுத்து, மற்றது இலக்கம்.

மனிதக் கண்ணுக்காக மட்டும் அடித்த காலத்தில் இதெல்லாம் பிழையே இல்லை. படிக்கிறவருக்குப் புரிந்தால் போதும். இப்போது நாம் அடிப்பதை முதலில் படிப்பது தேடுபொறி. அதற்குத் தெரியாத எழுத்து இருந்தும் இல்லாததுதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை அடித்து வலையேற்றினார்கள். முதலில் திஸ்கி போன்ற குறியீடுகளில் இருந்தவற்றைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். நூலை அடிக்கிற உழைப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், மாற்றுகிற உழைப்பு தெரியாது. அதனால் சொல்கிறேன்.

கோவையிலிருந்து

நான் காலேஜ் இரண்டாம் வருடம். திருச்சி அண்ணன் அக்கா மகளைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் என்னைச் சொன்ன மாதிரியே இருந்தது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

போனில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது, தெரியும். ஆனால் ஒரு வாக்கியத்தில் 'அசைன்மென்ட் சப்மிட் பண்ணிட்டியா' என்று வந்தால் நடுவில் எத்தனை முறை மாற்றுவது? இன்னொன்று, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது. ஆங்கில எழுத்தில் அடித்தால் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தில் தப்பித்துவிடலாம். ண, ன, ந கேள்வியே இல்லை. தமிழில் அடித்தால் குடும்பக் குரூப்பில் பெரியப்பா நான் சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு எழுத்துப்பிழைக்குப் பதில் போடுவார். பிறந்தநாள் வாழ்த்து சொன்னவனுக்கு இது தேவையா?

பாட்டியிடம் மட்டும் தமிழ்தான். அவர் மைக் படத்தை அழுத்திப் பேசுவார், அது எழுத்தாகிவிடும். கூகுள் 2017இல் தமிழைச் சேர்த்ததாம். எழுதிப் பழக்கம் விட்டுப்போன பாட்டி இப்போது எங்கள் வீட்டிலேயே அதிகம் தமிழ் எழுதுகிறவர். என்ன, முற்றுப்புள்ளி இருக்காது. பக்கத்தில் கொதிக்கிற குக்கருக்குச் சொன்னதும் சேர்ந்து வரும்.

சேலத்திலிருந்து

தம்பி சொன்னதில் ஒரு பழைய காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசித் துறையில் இருந்தேன். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம். தமிழில் அனுப்பினால் யூனிகோடு கணக்கில் 70 இடம்தான். அதிலும் குறிகள் தனித்தனி. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒரு மெசேஜுக்கு இவ்வளவு பைசா என்று எண்ணி அனுப்பிய காலத்தில் "அம்மா நலமா, பணம் வந்ததா, ஞாயிறு வருகிறேன்" என்பதோடு இன்னும் இரண்டு வரி சேர்த்துத் தமிழில் எழுதினால் இரண்டு மெசேஜ் காசு போய்விடும். ஆங்கில எழுத்தில் ஒன்றிலேயே அடங்கும். ஆங்கில மோகம் என்று திட்டுகிறவர்கள் இந்தப் பைசா கணக்கை மறந்துவிடுகிறார்கள். காசு பிரச்சினை போன பிறகும் விரல் மாறவில்லை, அவ்வளவுதான்.

சிவகாசியிலிருந்து

டிடிபி கடை. எல்லோரும் சொன்னது எல்லாமே என் மேசைக்கு வந்துதான் போகிறது.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று என்னிடம் இருக்கும் பழைய மாதிரிகள் அத்தனையும் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவில் ஒவ்வொரு விதமாக அடித்து வைத்தவை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு. மாற்றித்தான் ஒட்ட வேண்டும். மாற்றியதும் முதலில் நான் பார்ப்பது ஸ்ரீ. பத்திரிகையின் உச்சியில் இருக்க வேண்டிய எழுத்து, மாற்றும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். இன்டிசைனில் நேரடியாக யூனிகோடு போடலாமே என்று பையன் சொல்கிறான், புது வேலைகளை அவன் அப்படித்தான் செய்கிறான். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு வளைந்து நெளிந்த அந்தப் பழைய எழுத்துதான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அந்த அழகில் யூனிகோடு எழுத்துரு எனக்கு இன்னும் அமையவில்லை.

கோவைத் தம்பிக்கு ஒன்று. உங்கள் வயதுக்காரர் ஒருவர் போன மாதம் அக்கா கல்யாணப் பத்திரிகைக்கான விவரம் முழுவதையும் வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். தாய்மாமன்மார், சித்தப்பாக்கள், அவர்கள் சம்சாரம் எல்லாரும் வரிசையாக. பின்னால் பஸ் ஹாரன். இன்னொருவர் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு பெண்ணின் பெயர் வள்ளியா வல்லியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரில் ஒரு புள்ளி தப்பினால் மண்டபத்தில் சம்பந்திச் சண்டை, பழி அச்சகத்துக்கு.

அதனால் இப்போது ஒரே விதி வைத்திருக்கிறேன். வீட்டில் பெரியவர் யாராவது ஒரு தாளில் பேனாவால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதற்கப்புறம்தான் முன்பணம் வாங்குவேன்.