முனுசாமியின் ஓவியங்களைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவர உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் நிறைந்த கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வாசகசாலைக் கூடத்தில் எல். முனுசாமியின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க எண்ணியிருக்கிறோம். 1927இல் பிறந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கிய அவர், மனித உருவங்களில் தொடங்கிப் படிப்படியாக உருவங்களற்ற அரூப ஓவியத்துக்கு நகர்ந்தவர். 1966இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை அறிந்த பலரும் இவரை அறியாதிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அசல் ஓவியங்களோ பழைய கண்காட்சிக் கையேடுகளோ வைத்திருப்பவர்கள் சில வாரங்களுக்கு இரவல் தர இயலுமா? சென்னையிலிருந்து வாளையார் வழியாக வண்டியில் கொண்டுவரும்போது, விற்பனைக்கல்லாத பொருளாயினும் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச்செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும் என்கிறார்கள்; உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவில்லாத தனிநபராக இருந்தால் அதை யார் எடுப்பது, ஓவியத்தின் மதிப்பை எதைக் கொண்டு குறிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆனி, ஆடியில் இங்கே ஈரக்காற்று கடுமையாக இருக்கும், காகித ஓவியங்களில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், மார்கழியையே மனத்தில் வைத்திருக்கிறோம். குறுகிய காலக் காப்பீடு எடுத்தவர்கள் இருந்தால் அதன் நடைமுறையையும் எழுதுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. போக்குவரத்துச் செலவு எங்களுடையது.