‘அவுட்கம்’ என்பதற்குப் ‘பெறுபேறு’

அரசுத் திட்ட ஆவணங்களுக்கான நம் கலைச்சொல் பட்டியலில் ‘அவுட்கம்’ (outcome) என்பதற்குப் ‘பெறுபேறு’ என்று முன்மொழிந்திருந்தேன். வந்த கேள்விகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> ‘விளைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. ‘கற்றல் விளைவுகள்’ என்று பள்ளிப் பாடநூலிலேயே வந்துவிட்டது. புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம். ஐயா சொல்வது பாடநூலுக்குச் சரி. அமைச்சகத் திட்ட ஆவணத்தில்தான் இடிக்கிறது. 2005-இல் ஒன்றிய அரசு அவுட்கம் பட்ஜெட்டை, அதாவது செலவோடு அதன் பலனையும் காட்டும் பட்ஜெட்டை, தொடங்கியது. 2017-18 முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் அவுட்புட் (output, துறை செய்து கொடுப்பது) அட்டவணையின் ஒரு கட்டத்திலும் அவுட்கம் (அதனால் மக்களுக்குக் கிடைப்பது) பக்கத்துக் கட்டத்திலுமாக அச்சாகின்றன. ‘விளைவு’ இந்த இரண்டுக்குமே பொருந்தும். போதாததற்குப் பக்கவிளைவு, பின்விளைவு என்று கெட்ட சகவாசம் வேறு.

எங்கள் கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இழுவைமடியை (கடலடியை வாரி இழுக்கும் வலையை) குறைக்க 2017-இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2000 படகுகள், 1600 கோடி ரூபாய் என்பது இலக்கு. அப்போதைய கணக்கில் ஒரு படகு 80 லட்சம். அதில் ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. படகு கட்டிக் கொடுத்தால் துறையின் கணக்கில் ஒரு எண் ஏறும். அது அவுட்புட். அந்தப் படகு சூரை மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறதா, பழைய விசைப்படகு வடகடலை விட்டு விலகியதா, கடன் தவணை போக வீட்டுக்கு ஏதாவது வருகிறதா என்பதெல்லாம் அவுட்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே கிடக்கிறது.

கரையில் இந்த வேறுபாட்டை யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. “மீன்பாடு எப்படி?” என்பது ஒரு கேள்வி, “பங்கு எவ்வளவு?” என்பது வேறு கேள்வி. மீன்பாடு என்பது வலையில் பட்ட மீன். டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்த பிறகு ஆளுக்குக் கிடைப்பதுதான் பங்கு. மீன்பாடு அள்ளிக்கொண்டு வந்தும் பங்கு ஒன்றுமில்லாத நாள் உண்டு.

> அப்படியானால் ‘பங்கு’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், பங்குச்சந்தைக்காரர்கள் வந்துவிடுவார்கள். என் பரிந்துரை ‘பெறுபேறு’. இது நான் உருவாக்கியதல்ல. அக்கரையில், இலங்கையில், பரீட்சைப் பெறுபேறுகள் என்று அன்றாடம் வழங்கும் சொல். விளைவுக்குப் பெறுபவர் தேவையில்லை, அது யாரும் இல்லாமலேயே விளையும். பெறுபேறு என்றதும் ‘யார் பெற்றார்?’ என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. திட்ட ஆவணம் எழுதுபவரை அந்தக் கேள்வி கொஞ்சம் நெருக்கட்டும்.

எங்கள் ராமநாதபுரம் 2018-இலிருந்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்ற, பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒன்றிய அரசுப் பட்டியலில் இருக்கிறது. 49 குறிகாட்டிகளை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் இணைப்பு கொடுத்ததை எண்ணிவிடலாம். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிற பெண்ணுக்கு அந்த வேலை மிச்சமானதா என்பதுதான் பெறுபேறு. முதலாவதைத் துறை தன் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவதை அந்தத் தெருவில்தான் கேட்க வேண்டும்.

> ‘பேறு’ என்றால் இங்கே மகப்பேறுதான் நினைவுக்கு வரும். தவிர, பேறு நல்லதையே குறிக்கும். திட்டம் சொதப்பினால்?

மகப்பேறு பற்றிய கவலை நியாயம்தான், முதல் கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதியே வளர்ந்தவர்கள் நாம், ‘பெறு’ நமக்குப் புதிதல்ல. இரண்டாவது கேள்விக்கு: எந்த அமைச்சகமும் கெட்டதைத் திட்டமிட்டு எழுதுவதில்லை. இலக்காக எழுதுவது பெறுபேறு. அது கிட்டாவிட்டால் ‘பெறுபேறு இல்லை’ என்று எழுதலாம். எதிர்பாராமல் வந்து சேரும் கேட்டுக்குப் பின்விளைவு இருக்கவே இருக்கிறது.

குறள் 461-இல் இந்த அடுக்கு அப்படியே இருக்கிறது: அழிவது, ஆவது, பிறகு ‘வழிபயக்கும் ஊதியம்’. செலவு, அதனால் ஆனது, அது பின்னால் தருவது. ‘வழிப்பயன்’ என்று ஒரு சொல் கட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் வழிப்பயணம் என்று படித்துவிடுவார்கள்.

அவுட்புட்டுக்கு ‘வழங்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெறுபேறுக்கு நல்ல இணைதான். ஆனால் குடிமைப்பொருள் வழங்கலில் அது முன்பே மாட்டிக்கொண்டது. கணினித் துறையில் வேரூன்றிய ‘வெளியீடு’ போதும், நூல் வெளியீட்டோடு குழப்பம் வந்தால் ‘திட்ட வெளியீடு’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பெர்ஃபார்மன்ஸ் என்பதற்குச் ‘செயல்திறன்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அது இன்ஜினுக்குச் சொல்வது. அக்கரையில் ‘செயலாற்றுகை’ என்கிறார்கள். மேனேஜ்மென்ட் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘முகாமைத்துவம்’ இங்கே செல்லாது, ஆகவே பெர்ஃபார்மன்ஸ் மேனேஜ்மென்ட் என்பதற்குச் ‘செயலாற்றுகை மேலாண்மை’. இதற்கு மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். பெறுபேறுக்கு வேறு தடை வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.