டெஸ்டோஸ்டிரோனுக்கு ‘விரையூக்கி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர், புதுச்சேரி நோயாளிகளுக்கான தமிழ்க் கையேட்டில் டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரை (ஹார்மோனை) ‘விரையூக்கி’ என்று குறிக்கலாம் என ஆசிரியர் அம்மா எழுதியிருந்தார். சின்னச் சொல், வாயில் நிற்கும் சொல். ஆனாலும் இதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

வினையை ஊக்குவது வினையூக்கி. அதே வாய்பாட்டில் விரையூக்கி என்றால் விரையை ஊக்குவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த வேலையைச் செய்பவை மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு இயக்குநீர்கள். எல்.எச். வந்து தூண்டினால்தான் விரையின் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். இரத்தத்தில் அது போதிய அளவு சேர்ந்ததும் மூளை எல்.எச்.சைக் குறைத்துவிடும். ஆகையால் ஊசி வழியாக வெளியிலிருந்து ஏற்றினால் இரண்டு தூண்டலும் அடங்கும், விரை சுருங்கும், சில மாதங்களில் விந்தணு உற்பத்தி அடியோடு நின்றுபோகவும் கூடும். குழந்தைக்காகக் காத்திருப்பவர் ‘விரையூக்கி’ என்று படித்துவிட்டு அந்த ஊசியைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். சிவப்பணுவும் கூடும், ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியாக வேண்டும்.

‘ஆண்மை இயக்குநீர்’ என்று வைத்தால் இன்னும் மோசம். நம் பக்கத்துச் சுவரெல்லாம் ‘ஆண்மைக் குறைவா?’ என்ற விளம்பரம். ஆண்மை என்றாலே கட்டில் சமாச்சாரம் என்று ஆகிவிட்டது. எலும்பின் திண்மை, தசை, தாடி, குரல், இரத்தம் எல்லாம் இதன் ஆட்சியில் இருப்பது அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது. பெண்ணின் சூலகமும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியும்கூட இதைச் சுரக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு ஒரு டெசிலிட்டரில் ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம், பெண்ணுக்கு 15 முதல் 70. மாதவிலக்கு தள்ளிப்போய், மோவாயில் முடி அரும்பி, பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் ‘உனக்கு ஆண்மை இயக்குநீர் கூடுதல்’ என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: டெஸ்டோஸ்டிரோன் அடங்கும் ஆண்ட்ரோஜன் என்ற வகைப்பெயருக்கு ‘ஆண்பால் இயக்குநீர்’, உடலில் அது உண்டாக்கும் மாற்றத்துக்கு ‘ஆண்பாலாக்கம்’. தனி மூலக்கூறின் பெயரை டெஸ்டோஸ்டிரோன் என்றே விட்டுவிடுவோம். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் ஏறத்தாழ 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் பிரித்தெடுத்து வைத்த பெயர் அது. ஆய்வகச் சீட்டிலும் மருந்துப் பெட்டியிலும் அதுதான் இருக்கிறது.

— மருத்துவர், புதுச்சேரி

~~~

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

ஊக்கி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. விரையூக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆண்பாலாக்கத்தை விளக்கப் புதுச் சொல் எதையும் தேட வேண்டாம், நம் ஊரில் ‘காயடித்தல்’ இருக்கிறதே. இளங்கன்றிலேயே காயடித்த மாட்டுக்குத் திமில் அவ்வளவாக எழும்பாது, கழுத்தும் அவ்வளவாகத் தடிக்காது. பருவம் வந்தபின் காயடித்த காளைக்குத் திமில் ஓரளவு நிற்கும். பண்ருட்டிப் பக்கத்து விவசாயிக்கு இந்த இரண்டு வரி போதும், வளர்ச்சியில் இதன் பங்கு புரிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இதே டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியால் டிஎச்டி (டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன்) ஆகிறது. தாடியும் முன்தலை வழுக்கையும் புராஸ்டேட் வீக்கமும் அதன் வேலை. இன்னொரு பங்கு அரோமட்டேஸ் என்ற நொதியால் எஸ்ட்ரடையோல் என்ற பெண்பால் இயக்குநீராக மாறுகிறது. பையன்களின் எலும்பு முனையிலுள்ள வளர்தட்டை மூடுவது அந்த எஸ்ட்ரடையோல்தான். பதினைந்து வயதில் உடம்பு ஏற்ற ஊசி போடுகிறவன் உயரம் நின்றுபோவது இதனால். ஆகவே ‘ஆண்பாலாக்கம்’ என்பதை டிஎச்டி, டெஸ்டோஸ்டிரோன் இவற்றின் நேரடி விளைவுக்கு மட்டும் வைப்போம். வளர்தட்டு மூடுவதை அதற்குள் சேர்க்கக் கூடாது.

அடுத்து, ஆய்வகச் சீட்டில் தனியாக வரும் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டுப் பகுதி. புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் திரிகிற பகுதியை ஒரு மொழிபெயர்ப்பில் ‘இலவச டெஸ்டோஸ்டிரோன்’ என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர் கட்டணம் கிடையாது என்றே நினைப்பார். ‘பிணையாத டெஸ்டோஸ்டிரோன்’ என்று எழுதலாம். ‘கட்டற்ற’ என்பதும் பொருந்தும், ஆனால் கட்டுப்பாடில்லாமல் கூடிவிட்டது என்று பயந்துவிடுவார்கள்.

கையேட்டில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்: இரத்தம் காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்த்த பிறகே முடிவு.

— உயிரியல் ஆசிரியை, கடலூர்