கனடா கம்பெனி லைசென்ஸ் வாங்குற செலவை நாமளா கட்டணும்?

மன்னை வாசி:
மச்சான் வெல்டர். திருத்துறைப்பூண்டி பக்கம் பட்டறை, டிராக்டர் கேஜ்வீல் பத்த வைக்கிறதுல கை சுத்தம். நோவா ஸ்கோஷியாவுல ஒரு ஒர்க்‌ஷாப்புல ஆள் எடுக்குறாங்க, கம்பெனி வாங்குற டெசிக்னேஷன்ங்கிற லைசென்ஸுக்கு 2 லட்சம், எல்எம்ஐஏ-வுக்கு, அதாவது வெளிநாட்டு ஆள் எடுக்க கனடா அரசு தர்ற அனுமதிக்கு, 6 லட்சம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். அக்கா தாலிக்கொடிய தவிர எல்லாத்தையும் அடகு வைக்க ரெடியா நிக்குது. இந்த காசெல்லாம் யார் கட்டணும்?

நீடாமங்கலத்தான்:
தம்பி, மொதல்ல நகைய பீரோவுல வைக்க சொல்லுங்க. நான் அங்க ஹாலிஃபாக்ஸ்ல இருக்கேன், அட்லாண்டிக் இமிக்ரேஷன் ப்ரோக்ராம்ங்கிற குடியேற்றத் திட்டத்துலதான் வந்தேன், அது நோவா ஸ்கோஷியாவும் பக்கத்து மூணு மாகாணமும் சேர்ந்தது, 2017ல பைலட்டா ஆரம்பிச்சு 2022ல நிரந்தரமாச்சு. டெசிக்னேஷன்ங்கிறது இந்தத் திட்டத்துல ஆள் எடுக்க கம்பெனி மாகாண அரசுகிட்ட வாங்குறது. ரெண்டு வருஷமாவது தொழில் நடந்திருக்கணும், வர்ற ஆளு ஊர்ல காலூன்ற உதவுறேன்னு ஒத்துக்கணும், வெளிநாட்டு ஆளோட எப்படி பழகுறதுன்னு ட்ரெய்னிங் வேற முடிக்கணும். எங்க முதலாளி அந்த ட்ரெய்னிங்க முடிச்சிட்டு வந்து என் பேர சரியா சொல்லிப் பாத்தாரு, இன்னமும் வரல, அது வேற கதை. அப்புறம் ஒவ்வொரு ஆளுக்கும் மாகாணம் எண்டார்ஸ்மென்ட்னு தனியா ஒப்புதல் தரும். இதுல எல்எம்ஐஏ-வே கிடையாது, ரெண்டுக்கும் சேத்து காசு கேக்குறாருன்னா அங்கயே இடிக்குது. மச்சானுக்கு ஒரு வருஷ அனுபவத்துக்கு ப்ரூஃப், இங்கிலீஷ் டெஸ்ட் இருக்கா, அத பாருங்க.

வெண்ணாத்தங்கரை:
எல்எம்ஐஏ வழியாவே போனாலும் கம்பெனிதான் பொதுவா நாலு வாரம் விளம்பரம் போட்டு, உள்ளூர்ல ஆள் கெடைக்கலன்னு காட்டி, ஒரு வேலைக்கு 1000 டாலர் ஃபீஸ் கட்டணும். அத தொழிலாளிகிட்ட வசூல் பண்ணவே கூடாது. நம்மூர் ஏஜென்ட் இந்திய அரசோட இமைகிரேட் சைட்ல பதிவு பண்ணிருக்கணும், அவங்க வாங்கலாம்னு சட்டம் சொல்றதே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு நம்பர் கேளுங்க. டெசிக்னேஷன் வாங்குன கம்பெனி லிஸ்ட மாகாண சைட்லயே போட்டிருப்பாங்க, பேர எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க.

மன்னை வாசி:
பாத்தேன்ணே, லிஸ்ட்ல இல்ல. ஆஃபர் லெட்டர்ல மேல ஒரு ஸ்பெல்லிங், கையெழுத்துக்கு கீழ வேற ஸ்பெல்லிங், மெயில் ஐடி பாத்தா சாதா ஜிமெயில். பதிவு நம்பர் கேட்டதுக்கு "நேர்ல வாங்க பேசிக்கலாம்"ங்கிறார். மச்சான் ஒண்ணும் சொல்லல, சம்பா உழவுக்கு நாலு கேஜ்வீல் வந்து கெடக்குன்னு பட்டறைக்கு கெளம்பிட்டாரு.

நீடாமங்கலத்தான்:
நேர்ல போயிடாதீங்க. லிஸ்ட்ல இருக்குற கம்பெனியில வெல்டர் வேலை எதுனா வருதான்னு நானும் பாக்குறேன், மச்சானோட பயோடேட்டாவ இன்பாக்ஸ்ல போடுங்க.