ஃப்ளூட் கலைஞர் பாபி ஹம்ஃப்ரியின் 1973 ஆல்பம் ஜாஸ் கணக்கில் வருமா?

ரெக்கார்டுப்பெட்டி:
ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் பெண் வாத்தியக் கலைஞர் என்று பாபி ஹம்ஃப்ரியைக் கொண்டாடுகிறார்கள். டெக்சாஸில் பிறந்து, 1971-இல் நியூயார்க் வந்து, 21 வயதில் 'ஃப்ளூட்-இன்' ஆல்பம் போட்டவர். திறமையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இரண்டே வருடத்தில் தயாரிப்பாளர்களான மிசெல் சகோதரர்களுடன் சேர்ந்து 'பிளாக்ஸ் அண்ட் ப்ளூஸ்' ஆல்பம் செய்தார் பாருங்கள், அதில் சின்தசைசரும் ஆட்டம் போட வைக்கும் ஃபங்க் தாளமும் கோரஸும்தான் முன்னால் நிற்கின்றன, குழல் மேலே தூவிய மாதிரி இருக்கிறது. நல்ல இசைதான், ஜாஸ் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூச்சுக்காற்று:
முதலில் அந்த 'முதல் பெண்' பட்டத்தைச் சரிசெய்து விடலாம். ஜெர்மன் பியானோ கலைஞர் யூட்டா ஹிப் 1956-லேயே ப்ளூ நோட்டில் ஆல்பங்கள் செய்துவிட்டார். அப்புறம் இசையையே விட்டுவிட்டுத் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அவரை மறந்துவிட்டு பாபிக்குப் பட்டம் கட்ட வேண்டியதில்லை, பாபிக்கு அது தேவையும் இல்லை. அவருக்கு முன்னால் ஜாஸில் ஃப்ளூட் என்றால் பெரும்பாலும் சாக்ஸபோன்காரர்கள் நடுவில் எடுத்து வாசிக்கும் இரண்டாவது வாத்தியம். ஃபிராங்க் வெஸ், ஜேம்ஸ் மூடி எல்லாரும் அப்படித்தான். பாபி குழலை மட்டுமே நம்பி வந்தவர். ட்ரம்பெட் மேதை லீ மார்கன் 'ஃப்ளூட்-இன்'-இல் வாசித்ததோடு நிற்காமல், 1971 செப்டம்பரில் தன் தலைமையில் நடந்த கடைசி ஸ்டூடியோ பதிவுக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். மார்கன் காதை நம்புகிறீர்களா இல்லையா?

ரெக்கார்டுப்பெட்டி:
ஹிப் விஷயம் என் தவறு, நன்றி. மார்கனோடு வாசித்ததைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. நான் கேட்பது 1973 பற்றி. ஹார்வி மேசன் டிரம்ஸ், சக் ரெய்னி பேஸ், இரண்டு பேரும் அருமையானவர்கள். ஆனால் அவர்கள் வாசித்து முடித்த ட்ராக்கின் மேல் பாபி ஊதுகிறார். அவர் ஒரு வரியை வளைத்தால் டிரம்மர் திரும்பிப் பதில் சொல்ல வழியே இல்லை. அந்தப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஜாஸ் ஏது?

தாளம்தப்பாதவன்:
நண்பரே, அந்தப் பதிவு எப்படி நடந்தது என்று பாபியே சொல்லியிருக்கிறார்: எழுதின மெட்டு எதுவும் கிடையாது, ட்ராக்கை ஓடவிட்டு வாசி என்றார்களாம். அப்படியென்றால் அந்த ஆல்பத்தின் 'ஹார்லெம் ரிவர் டிரைவ்'-இல் நாம் முணுமுணுக்கிற குழல் மெட்டெல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்தது. மனோதர்மம் இல்லையா இது?

ரெக்கார்டுப்பெட்டி:
மனோதர்மம்தான். ஒருவழிப் பாதையில் போகும் மனோதர்மம்.

மூச்சுக்காற்று:
பதில் சொல்லும் டிரம்மர் வேண்டுமென்றால் அதே 1973-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஜாஸ் விழாவில் பதிவான நேரடி ஆல்பத்தைப் போடுங்கள். நான் ஆறு வருடமாக ஃப்ளூட் கற்கிறேன், இதை ஊதிப் பார்த்துத்தான் சொல்கிறேன்: அடர்த்தியான ஃபங்க் தாளத்துக்கு மேல் நிறைய சுரம் போட்டால் குழல் காணாமல் போகும். பாபி குறைவாக வாசிக்கிறார், இடைவெளி விட்டு, சரியான இடத்தில் மூச்சு எடுத்து. நீங்கள் 'தூவிய மாதிரி' என்றீர்களே, எனக்கு அந்த ஆல்பத்தில் அதுதான் பெரிய வித்தை. 1976-இல் ஸ்டீவி வொண்டரின் 'அனதர் ஸ்டார்' பாட்டில் அத்தனை வாத்தியத்துக்கு நடுவிலும் அந்தக் குழல் தனியாகக் கேட்கிறது, காரணம் இதுதான்.

தாளம்தப்பாதவன்:
பிற்பாடு சொந்தமாக நிறுவனம் தொடங்கி 1994-இல் ஆல்பம் வெளியிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரோ இழுத்த இழுப்புக்குப் போனவர் இல்லை.

ரெக்கார்டுப்பெட்டி:
மோன்ட்ரூ பதிவு கேட்டேன், இரண்டு முறை. அங்கே தாளக்காரரோடு அவர் மோதுவதும் விலகுவதும் நன்றாகவே கேட்கிறது, அதனால்தான் ஸ்டூடியோ ஆல்பத்தில் அது இல்லாதது எனக்கு இன்னும் அதிகமாக உறுத்துகிறது. மூச்சு எடுக்கும் இடம் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்கிறேன், அந்த ஆல்பத்தின் 'சிகாகோ, டேம்' பாட்டை அந்தக் காதோடு திரும்பக் கேட்க வேண்டும்.